இருபதா, இருபத்தொன்றா? செங்கல்பட்டு, மாமல்லபுரம் சாலைகளில் சொகுசு எஸ்யூவியின் சக்கர அளவு

செங்கல்பட்டு நகருக்குச் சற்று வடக்கே, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 மார்ச்சில் பி.எம்.டபிள்யூ தன் இந்தியத் தொழிற்சாலையைத் திறந்தது. எக்ஸ்1, எக்ஸ்3, எக்ஸ்5, எக்ஸ்7 என்று அதன் எஸ்யூவிகள் இங்கே பூட்டப்பட்டுத்தான் நாடெங்கும் போகின்றன. அதே வளாகத்தில் உள்ள மகிந்திரா ரிசர்ச் வேலியில் எக்ஸ்யூவி700 உருவானது. 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமான பி.இ. 6, எக்ஸ்.இ.வி. 9இ மின்வண்டிகளும் அங்கே வளர்ந்தவைதான். சிங்கப்பெருமாள்கோவிலில் மேற்கே திரும்பிப் போனால் ஓரகடம். அரசின் வாகனச் சோதனை மையமும் அப்போலோ டயர் ஆலையும் அங்கே இருக்கின்றன. எஸ்யூவி பிறந்து, சோதனைக்குள்ளாகி, டயர் மாட்டிக்கொண்டு வெளியே வரும் வட்டாரமாக இது மாறி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகப்போகின்றன.

இருந்தும் இதே வட்டாரத்தில் ஒரு கோடி ரூபாய்க்கு வண்டி வாங்குகிறவருக்கு ஓர் எளிய கேள்விக்கு நேரான பதில் கிடைப்பதில்லை. 19 அங்குலச் சக்கரம் எடுப்பதா, 20-ஆ, 21-ஆ? ஷோரூமில் நிற்கும் வண்டியில் பெரும்பாலும் பெரிய சக்கரம்தான் இருக்கும். விலை கூடிய வகையை எடுத்தால் அது தானாகவே வந்துவிடுகிறது. ‘லுக் நல்லா இருக்கும் சார்’ என்பதற்கு மேல் பேச்சு நகர்வதில்லை. அந்த வண்டி அடுத்த ஏழெட்டு ஆண்டுகள் எந்தச் சாலையில் ஓடப்போகிறது என்று யாரும் கேட்பதில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாவட்டத்தில் குடியிருந்து இந்தச் சாலைகளில் ஓட்டுகிறவர், தயாரிப்பாளர் அனுமதித்த அளவுகளில் சிறிய சக்கரத்தையே எடுக்க வேண்டும். அலுங்காமல் போவதற்கு அது நல்லது என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். வண்டி கையில் நிற்பதற்கும், திருப்பத்திலும் பிரேக்கிலும் பிடித்துக்கொள்வதற்கும் அதுவே நல்லது என்பதுதான் நான் சேர்த்துச் சொல்ல வருவது. இதை மறுப்பவர்கள் உண்டு. அவர்கள் பக்க நியாயத்தையும் பார்ப்போம்.

முதலில் டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும். 275/45 R20 என்றால் டயரின் அகலம் 275 மில்லிமீட்டர். அதில் 45 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 124 மில்லிமீட்டர், டயரின் பக்கச் சுவரான சைடுவாலின் உயரம். 20 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஷோரூமில் பேசப்படுவது இந்தக் கடைசி எண் மட்டும். சவாரியைத் தீர்மானிப்பதோ நடுவில் இருக்கும் 45-தான்.

எக்ஸ்5-ஐயே எடுத்துக்கொள்வோம். உலகச் சந்தையில் இன்றைய தலைமுறை எக்ஸ்5-க்குப் பல அளவுகள் உண்டு. 19 அங்குலத்தில் நான்கு பக்கமும் 265/50. 20-இல் முன்னால் 275/45, பின்னால் 305/40. 21-இல் 275/40, 315/35. 22-இல் 275/35, 315/30. கணக்குப் போட்டுப் பாருங்கள். டயரோடு சேர்ந்த மொத்த விட்டம் எல்லாவற்றிலும் 75 சென்டிமீட்டரை ஒட்டியேதான் நிற்கிறது. அப்படித்தான் நிற்க வேண்டும், இல்லையென்றால் வேகமானி தப்புக் காட்டும், டயர் மட்கார்டில் உரசும். ஆகவே ரிம் வளரும்போது வண்டி உயர்வதில்லை, ரப்பர்தான் தேய்கிறது. முன்சக்கரத்தின் சைடுவால் 19-இல் 132 மில்லிமீட்டர், 20-இல் 124, 21-இல் 110, 22-இல் 96. பத்தொன்பதிலிருந்து இருபத்திரண்டுக்குப் போனவர், சாலைக்கும் ரிம்முக்கும் நடுவே இருந்த ரப்பரிலும் காற்றிலும் நான்கில் ஒரு பங்குக்கு மேல் காசு கொடுத்து இழக்கிறார்.

மகிந்திராவின் எக்ஸ்யூவி700-இலும் இதே கதைதான்: 235/65 R17, 235/60 R18. விட்டம் இரண்டிலும் ஏறத்தாழ 74 சென்டிமீட்டர், சைடுவால் 153-இலிருந்து 141-ஆகக் குறைகிறது. ஆனால் இந்த வண்டியின் பெரிய சக்கரத்தில்கூட எக்ஸ்5-இன் சிறிய சக்கரத்தில் இருப்பதைவிட அதிக ரப்பர் இருக்கிறது. லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110 இன்னும் தெளிவான சான்று. அதன் 20 அங்குலச் சக்கரத்தில் 255/60 டயர், சைடுவால் 153 மில்லிமீட்டர். 22 அங்குலத்தில் 275/45, அதாவது 124. எக்ஸ்5-இன் இருபதும் டிஃபெண்டரின் இருபத்திரண்டும் ரப்பர் கணக்கில் ஒன்றே. ஆகவே ‘இருபது அங்குலம் நம்ம ஊருக்கு ஆகுமா’ என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. ‘இந்த வண்டியில் எத்தனை மில்லிமீட்டர் சைடுவால்’ என்று கேட்க வேண்டும். என் மதிப்பீட்டில் நம் சாலைகளுக்கு 120-க்குக் கீழே போகக் கூடாது. 130-க்கு மேல் கிடைத்தால் நல்லது.

சைடுவால் ஒன்றே எல்லாம் என்றும் சொல்லவில்லை. ஃபார்ச்சூனரின் 265/60 R18 டயரில் 159 மில்லிமீட்டர் ரப்பர் உண்டு. ஆனாலும் அது எக்ஸ்5 போல மிதந்து போகாது. பின்னால் இரண்டு சக்கரத்தையும் ஒரே கட்டையாக இணைக்கும் கனத்த ஆக்ஸில், கீழே லாரி போன்ற சேஸிஸ். ஒரு சக்கரம் குழியில் விழுந்தால் மற்றதும் ஆடும். வண்டியின் கட்டுமானத்தை டயரால் மாற்ற முடியாது. ஒரே வண்டியில் இரண்டு சக்கர அளவை ஒப்பிடும்போதுதான் இந்தக் கணக்கு முழுவதுமாகப் பொருந்தும்.

ரிம் எப்படி வளர்ந்தது

1888-இல் பெல்ஃபாஸ்டில் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கியதன் நோக்கமே சக்கரம் அதிராமல் ஓட வேண்டும் என்பதுதான். 1970-இல் வந்த முதல் ரேஞ்ச் ரோவர், சொகுசும் கரடுமுரடும் ஒன்றாகச் சேர்ந்த வண்டிகளுக்கு முன்னோடி. அதில் 16 அங்குல ரிம்தான் இருந்தது. 1999-இல் முதல் எக்ஸ்5 வந்தபோது அடிப்படைச் சக்கரம் 17. இன்றைய ரேஞ்ச் ரோவரில் 23 வரை கிடைக்கிறது.

இந்த வளர்ச்சியில் ஒரு பகுதி நியாயமானது. இரண்டு டன்னைத் தாண்டிய வண்டியை 200 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தப் பெரிய பிரேக் டிஸ்க் வேண்டும். அது உள்ளே அடங்கப் பெரிய ரிம் வேண்டும். 18, 19 வரை இந்தக் காரணம் நிற்கும். அதற்கு மேல் போனது பெரும்பாலும் கண்ணுக்காக. எஸ்யூவியின் உடல் உயரமானது, கதவுகள் தடித்தவை. சிறிய சக்கரம் போட்டால் வடிவமைப்பாளர் வரைந்த படம் பானை வயிறாகத் தெரியும். அழகு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

அதிர்வு எங்கே தங்குகிறது

சொகுசு வண்டியின் உடல், ஸ்பிரிங்கின் மேல் நொடிக்கு ஒன்று அல்லது ஒன்றரை முறை ஏறி இறங்கும். அது தாலாட்டும் வேகம், உடம்புக்குத் தொந்தரவில்லை. ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் சக்கரம், டயர், பிரேக் ஆகியவை நொடிக்குப் பத்து முதல் பதினைந்து முறை துடிக்கும். உட்கார்ந்திருக்கும் மனித உடல் மேலும் கீழுமான அதிர்வில் அதிகம் நோவது நொடிக்கு நான்கு முதல் எட்டு வரையான துடிப்பில். இந்த நடுப்பகுதிக்குள் அதிர்வை விடாமல் தடுப்பதுதான் சவாரி சுகத்தின் முழு வேலையும்.

ஏர் சஸ்பென்ஷன் இருக்கிறதே, சக்கரம் எதுவானாலும் என்ன என்று கேட்பார்கள். எக்ஸ்7 போன்ற வண்டிகளில் அது எல்லா வகைகளிலும் வருகிறது. மெதுவான அலைகளை அது அருமையாக விழுங்கும். ஆனால் 60 கிலோமீட்டர் வேகத்தில் 30 சென்டிமீட்டர் அகலக் குழி ஒன்றைச் சக்கரம் கடக்க ஆகும் நேரம் ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. அந்த முதல் இடியை வாங்குவது டயர். டயரில் இடமில்லை என்றால் ரிம். ரிம்மிலிருந்து சஸ்பென்ஷன் புஷ், புஷ்ஷிலிருந்து உடல், உடலிலிருந்து முதுகெலும்பு. 21 அங்குல ரிம்மும் அகலமான டயரும் சேர்ந்தால் ஒரு சக்கரத்துக்கே 30 கிலோவைத் தாண்டும். அந்த எடை மேலே எறியப்பட்டால் அதை அடக்கிக் கீழே கொண்டுவர ஷாக் அப்சார்பர் கூடுதலாகப் போராட வேண்டும்.

இந்த வட்டாரத்துச் சாலைகள்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரையிலான கிழக்குக் கடற்கரைச் சாலையை மட்டும் மனதில் வைத்துச் சக்கரம் தேர்ந்தெடுக்கிறவர்கள் நிறையப் பேர். அக்கரையிலிருந்து மாமல்லபுரம் வரை நான்கு வழி, தளம் பெரும்பாலும் சீர். முட்டுக்காடு பாலத்தின் இணைப்புப் பட்டைகளும், கோவளம், வடநெம்மேலி, பட்டிபுலம் என்று ஊருக்கு ஊர் வரும் தடுப்புகளும் அதிர்வுக் கோடுகளும்தான் தொந்தரவு. இந்தச் சாலையில் 21 அங்குலச் சக்கரத்தோடு எக்ஸ்5 ஓட்டினால் குறை சொல்ல அதிகம் இருக்காது. அதை மறைக்க விரும்பவில்லை.

மாமல்லபுரத்தில் மேற்கே திரும்பினால் கதை மாறுகிறது. சதுரங்கப்பட்டினத்தில் தொடங்கித் திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், அரக்கோணம் வழியாகத் திருத்தணி போகும் மாநில நெடுஞ்சாலை 58-ஐப் பாருங்கள். தார் மேல் தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்த இடங்களில் ஓரத்து மண் தாழ்ந்து கிடக்கும். எதிரே பேருந்து வந்தால் இடப்பக்கச் சக்கரங்களை மண்ணில் இறக்கி, மறுபடி தார் விளிம்பில் ஏற்றித்தான் ஆக வேண்டும். அந்த விளிம்பு சைடுவாலைப் பக்கவாட்டில் உரசிக்கொண்டு ஏறும் கத்தி. 132 மில்லிமீட்டர் ரப்பர் வளைந்து கொடுக்கும். 96 மில்லிமீட்டரில் ரிம்மின் உதடுதான் தாரைக் கடிக்கும். கல்குவாரி டிப்பர்கள் போய்வரும் பாதைகளில் ஜல்லி சிந்திக் கிடக்கும். திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டு போகும் காட்டுப் பாதையில் இரவில் குழி தெரியாது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கம், கூவத்தூர் தாண்டிப் புதுச்சேரி நோக்கிப் போனால், விரிவாக்கப் பணி நடக்கும் இடங்களில் புதுத் தளத்துக்கும் பழைய தளத்துக்கும் நடுவே படிக்கட்டு போன்ற மாற்றம் வரும்.

வேகத்தடைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 99 விதிப்படி ஒரு வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட மெல்லிய வளைவு. 25 கிலோமீட்டர் வேகத்தில் அதை அலுங்காமல் கடக்கலாம். அப்படி ஒன்று இருந்தால் 19-க்கும் 21-க்கும் வித்தியாசமே தெரியாது; வண்டியின் உடல் முழுவதும் மெதுவாக ஏறி இறங்கும், அது ஸ்பிரிங்கின் வேலை. ஊர் வாசல்களில் நாம் சந்திப்பதோ அரை மீட்டர் அகலத்தில் குத்தாக நிற்கும் மேடு, அல்லது மூன்று நான்கு பட்டைகளாக அடுத்தடுத்து வரும் பிளாஸ்டிக் தடை. இவை டயரோடு நேராக மோதுகின்றன. மெலிந்த டயரில் ஒவ்வொன்றும் ஸ்டீரிங்கில் தட்டும். பின்சீட்டில் வயதானவர்கள் இருந்தால் வித்தியாசம் இன்னும் கொடுமையாகத் தெரியும், ஏனென்றால் அவர்கள் பின்சக்கரத்துக்குக் கிட்டத்தட்ட மேலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். சொகுசு எஸ்யூவி வாங்குகிறவர்களில் பலர் அப்பா அம்மாவை வசதியாக ஏற்றி இறக்கத்தான் வாங்குகிறார்கள். அவர்களுக்காக வாங்கிய வண்டியில் அவர்களையே குலுக்கும் சக்கரத்தைப் போடுவது எனக்கு ஏற்கமுடியாததாக இருக்கிறது.

பிடிப்பு யாருடையது

பெரிய சக்கரத்துக்காக வாதிடுகிறவர்களின் வலுவான வாதம் இது: மெலிந்த சைடுவால் வளையாது, அதனால் ஸ்டீரிங்கைத் திருப்பியதும் வண்டி உடனே திரும்பும். இது முழு உண்மை. டயர் சற்றே முறுக்கிக்கொண்ட பிறகுதான் பக்கவாட்டு விசை உருவாகும். உயரமான ரப்பரில் அந்தத் தாமதம் கூடுதல். ஏறத்தாழ 2.2 டன் எடையும் உயர்ந்த புவியீர்ப்பு மையமும் கொண்ட வண்டி, வேகத்தில் தடம் மாறும்போது உயரமான டயரில் கொஞ்சம் கூடுதலாகச் சாயும். ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தால் 21 வெல்லும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் பந்தயத் தளம் வழவழப்பானது. தரையை டயர் அழுத்தும் விசை அங்கே ஏறக்குறைய மாறாமல் இருக்கும். திருக்கழுக்குன்றம் போகும் வழியில் ஒரு வளைவின் நடுவே ஒட்டுப்போட்ட தார் வந்தால் என்ன ஆகும்? கடினமான டயர் மேட்டில் துள்ளும். துள்ளிய நொடியில் தரையின் மேல் அழுத்தம் குறைகிறது, விழும்போது கூடுகிறது. அழுத்தம் இரட்டிப்பானால் பிடிப்பு இரட்டிப்பாவதில்லை, குறைவாகவே கூடும்; ஆகவே ஏறி இறங்கும் அழுத்தத்தில் மொத்தக் கணக்கு எப்போதும் நட்டம்தான். பிரேக் பிடிக்கும்போதும் இதே கதை: துள்ளும் சக்கரத்தில் ஏ.பி.எஸ். முன்கூட்டியே விலகிக்கொள்ளும், நிற்கும் தூரம் நீளும். ஸ்டீரிங் கூர்மையாக இருப்பதும் பிடிப்பு இருப்பதும் வேறு வேறு. முதலாவது ஓட்டுகிறவருக்கு வரும் உணர்வு. உயிர் காப்பது இரண்டாவது.

முன்னும் பின்னும் வெவ்வேறு அகலத்தில் டயர் வருவதையும் இங்கே பார்க்க வேண்டும். எக்ஸ்5-க்கு மேலே சொன்ன 20, 21, 22 அளவுகளில் பின்டயர் அகலம். முன்டயரைப் பின்னாலும் பின்டயரை முன்னாலும் மாற்றிப்போட்டுச் சமமாகத் தேய்க்கும் பழைய வழி அடைபட்டுவிடும். 19-இல் நான்கும் ஒரே அளவு, அடிக்கடி மாற்றிப் போடலாம். டயர் ஆயுளுக்கு இது சிறிய ஆதாயம் அல்ல.

மழையில் அகலத்தின் இன்னொரு முகம் தெரியும். 1960-களில் நாசா விமான டயர்களுக்காகக் கண்ட ஒரு கணக்கு, தேங்கிய நீரின் மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகத்தைக் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு பொருத்துகிறது. 36 பி.எஸ்.ஐ. காற்றிருக்கும் வழுக்கை டயருக்கு அது சுமார் 100 கிலோமீட்டர் என்று வரும். 32-க்கு 94. கார் டயர் அகலமானால் முன்னால் தள்ள வேண்டிய நீரும் கூடும், இந்த வேகம் இன்னும் கீழே இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் கிழக்குக் கடற்கரைச் சாலையின் தாழ்வான இடங்களில் நீர் திட்டுத்திட்டாக நிற்பதைப் பார்த்தவர்கள், 315 மில்லிமீட்டர் பின்டயரோடு 100-இல் போவதன் பொருளை உணர்வார்கள். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரை கடந்தது. 2023-இல் மிக்ஜாம், 2024-இல் ஃபெஞ்சல். ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் சில வாரங்கள் நீருக்கடியில் எத்தனை குழிகள் திறந்திருக்கின்றன என்று சாலைத் துறைக்கே தெரியாது. அப்படி ஒரு குழியின் விளிம்பில் மெலிந்த டயர் மோதினால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ரப்பர் நசுங்கி உள்ளே நூலிழை அறும். வெளியே டயர் கொழுக்கட்டை போல வீங்கும். அதன் பிறகு அதை ஓட்டுவது ஆபத்து, மாற்றியே ஆக வேண்டும். பஞ்சர் போட்டுச் சரிசெய்ய முடியாத காயம் அது.

காற்று, உப்பு, கையிருப்பு

சக்கர அளவைப் பற்றி இத்தனை பேசிவிட்டுக் காற்றழுத்தத்தை விட்டால் பேசியது வீண். பெட்ரோல் பங்கில் எல்லாக் காருக்கும் 35 அடித்துவிடும் வழக்கம் இருக்கிறது. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில், இரண்டு பேர் போனால் எவ்வளவு, குடும்பமும் சாமானும் ஏறினால் எவ்வளவு என்று முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக எழுதியிருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும். வெப்பநிலை ஐந்தாறு டிகிரி கூடினால் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பி.எஸ்.ஐ. கூடும். சித்திரை வெயிலில் பரனூர் சுங்கச்சாவடிவரை ஓட்டி வந்து சூடான டயரில் அளந்து, கூடுதலாக இருக்கிறதே என்று காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் டயர் தாழ்ந்திருக்கும். காலையில், ஓட்டுவதற்கு முன், வீட்டிலேயே அளப்பதே சரி. மெலிந்த டயரில் இது இரண்டு மடங்கு முக்கியம், ஏனென்றால் எடையைத் தாங்கும் காற்றின் கொள்ளளவு அதில் குறைவு.

ரன்-ஃபிளாட் டயர் பலருக்கு நிம்மதி தருகிறது. காற்று முழுவதும் போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்தில் 80 கிலோமீட்டர் தூரம் ஓடும். அந்த நிம்மதிக்கு விலை கடினமான சைடுவால். 21 அங்குல ரன்-ஃபிளாட் என்றால் மெலிவும் கடினமும் ஒரே இடத்தில் சேர்கின்றன. சொகுசு எஸ்யூவியில் நான் அஞ்சும் கூட்டு இதுதான். 19-இல் ரன்-ஃபிளாட் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். இன்னொரு மாற்றத்தையும் கவனிக்க வேண்டும். டியூப்லெஸ் டயரும் காற்றழுத்தக் கண்காணிப்பும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020 ஜூலையில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. கிட்டில் இருக்கும் பசை ஆணிக் குத்துக்கு உதவும். கிழிந்த சைடுவாலுக்கு உதவாது. இரவு பதினொரு மணிக்குக் கடப்பாக்கத்தில் டயர் கிழிந்தால் லாரியில் ஏற்றித்தான் வண்டி வரும். வாங்கும்போதே டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா என்று பாருங்கள்.

கிழிந்த டயருக்கு மாற்று எங்கே கிடைக்கும்? செங்கல்பட்டு டயர் கடைகளில் 17, 18 அங்குலம் கைக்கெட்டும். 315/35 R21 வேண்டும் என்றால் சென்னையிலிருந்தோ அதற்கும் அப்பாலிருந்தோ வரவழைக்க வேண்டும். 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்த பிறகு பெரிய அளவுகளின் வரத்து இன்னும் இறுகியது. திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய்கண்டிகையில் ஆலை வைத்திருக்கும் மிஷெலின் அங்கே கார் டயரும் செய்யப்போவதாக 2025-இல் அறிவித்தது நல்ல செய்தி. ஆனாலும் டயர் வரும்வரை காத்திருக்கும் நாட்களை விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

கடற்கரையில் குடியிருப்பவர்களுக்கு உப்புக் காற்று தனித் துன்பம். இன்றைய பெரிய ரிம்கள் பல, முகப்பை மழமழவென்று கடைந்து மேலே கண்ணாடிப் பூச்சு பூசியவை. ஜல்லி தெறித்தோ வேகத்தடை விளிம்பில் உரசியோ அந்தப் பூச்சில் கீறல் விழுந்தால், உப்பு உள்ளே போய் வெள்ளை இழைபோல அரிப்பு ஊரும். டயர் உட்காரும் விளிம்புவரை அரித்தால் காற்று மெதுவாகக் கசியும். மாமல்லபுரத்தில் வீடு வைத்திருப்பவர்கள் முழுதும் பெயின்ட் அடித்த ரிம்மையே கேட்டு வாங்கலாம், வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவலாம். வளைந்த ரிம்மை அழுத்தி நிமிர்த்துவார்கள், அது ஓரளவு ஏற்கத்தக்கது. விரிசல் விட்ட அலாய் ரிம்மை வெல்டிங் வைத்து மறுபடி மாட்டுவதை எந்த விலைக்கும் ஏற்கக் கூடாது.

வண்டியை மணலில் இறக்கலாமா என்றும் கேட்பார்கள். மணலில் போகக் காற்றை நிறைய இறக்க வேண்டும். மெலிந்த டயரில் அது முடியாது. அதைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. தை முதல் பங்குனிவரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன. எந்தச் சக்கரமானாலும் அந்த மணலில் இறங்கக் கூடாது.

மின் எஸ்யூவிகளில் சக்கர அளவு கிலோமீட்டரிலும் தெரியும். பி.எம்.டபிள்யூ ஐஎக்ஸ் எக்ஸ்டிரைவ்50-க்கு அமெரிக்க அரசு 2022-இல் அளித்த அளவைப் பார்த்தால், 20 அங்குலத்தில் 324 மைல், 21-இல் 305, 22-இல் 315. இருபதுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவே மட்டும் 30 கிலோமீட்டர் காணாமல் போகிறது. 22 மறுபடி கொஞ்சம் மீண்டிருப்பதைக் கவனியுங்கள். ரிம் மட்டுமல்ல, அதில் ஏறும் டயரின் இனமும் கணக்கில் வருகிறது என்பதற்கு இது சான்று.

எதை எடுப்பது

எக்ஸ்5 போன்ற வண்டியில் 19 கிடைத்தால் 19. கிடைக்காவிட்டால் 20. பெருமளவு ஓட்டம் ஜி.எஸ்.டி. சாலையிலும் மாமல்லபுரம்வரையிலான கடற்கரைச் சாலையிலும் மட்டும், ஓட்டுவதும் நீங்களே, பின்சீட்டில் யாரும் இல்லை என்றால் 21-ஐத் தடுக்க மாட்டேன். 22-க்கு இந்த மாவட்டத்தில் ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை. டிஃபெண்டரில் 20 தாராளம். எக்ஸ்யூவி700-இல் எந்தச் சக்கரமும் ரப்பர் கணக்கில் பாதுகாப்பான பக்கத்திலேயே இருக்கிறது, அதில் அழகுக்காகத் தேர்ந்தெடுப்பதில் பெரிய நட்டமில்லை.

தயாரிப்பாளர் பட்டியலில் இல்லாத அளவை வெளியே வாங்கி மாட்டாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவைப் பற்றி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்றது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்ப்பதும் இதைத்தான். டயரின் எடைதாங்கும் குறியீடு மூல டயருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சிறிய ரிம்முக்கு இறங்கும்போது பிரேக் காலிப்பர் உள்ளே இடிக்காமல் அடங்குகிறதா என்பதைச் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து நிறுவனத்திடமே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வலுவான பிரேக் உள்ள வகைகளில் 19 ஏறாமல் போகலாம்.

டெஸ்ட் டிரைவை ஷோரூமைச் சுற்றி முடித்துக்கொள்ளாதீர்கள். பெரிய சக்கர வண்டி ஒன்றும் சிறிய சக்கர வண்டி ஒன்றும் கேட்டு வாங்கி, இரண்டிலும் கதவுச் சீட்டில் உள்ளபடி காற்றை அடித்துக்கொண்டு, செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம்வரை ஒரே வேகத்தில் போய் வாருங்கள். ஒருமுறை நீங்கள் ஓட்டுங்கள், ஒருமுறை பின்சீட்டில் உட்காருங்கள். உயர்ந்த வகைக்குப் பெரிய சக்கரம்தான் வரும் என்று விற்பனையாளர் சொன்னால், பதிவுக்கு முன்பே மாற்றித் தரக் கேளுங்கள். அதுவும் முடியாதென்றால் அனுமதிக்கப்பட்ட சிறிய செட் ஒன்றைத் தனியாக வாங்கிப் பூட்டிக்கொண்டு, வந்த செட்டைத் துடைத்து உறையிட்டு எடுத்து வையுங்கள். வண்டியை விற்கும் நாளில் அதைத் திரும்ப மாட்டிக் கொடுக்கலாம், இடைப்பட்ட ஆண்டுகளில் அதன் ரிம்மில் ஒரு கீறலும் இருக்காது.